வீதி நடுவிலே ஒரு தீவு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)





"தீவிலே கார் நிறுத்துதல்" என்று நான் தலைப்பை எழுதிக் கொடுத்தபோது, செயலாளர் அவர்கள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "தம்பி, எந்தத் தீவு? புங்குடுதீவோ, நயினாதீவோ?" என்று கேட்டார். அவர் கேட்டதிலே பிழையில்லை. யாழ்ப்பாணத்தாருக்குத் தீவு என்றால் கடல் சூழ்ந்த அந்த ஊர்கள்தாம் நினைவுக்கு வரும். நான் பேச வந்த தீவைச் சூழ்ந்திருப்பது கடல் அன்று, வாகனங்கள். பெருவீதியைப் பாதசாரிக் கடவை குறுக்கறுக்கும் இடத்தில், வீதியின் நட்டநடுவே, சீமெந்துக் கல் கட்டி அரையடி உயர்த்தி விட்டிருக்கிறார்களே ஒரு சிறு திட்டு, அதனையே பொறியியலாளரும் பொலிஸாரும் "ஐலன்ட்" என்று வழங்குகிறார்கள். நடந்து வருபவர் பாதி வீதியைக் கடந்து, அதிலே ஏறி நின்று மூச்சு விட்டு, மறுபக்கம் பார்த்து, மீதி வீதியைக் கடப்பதற்கென்றே அது கட்டப்படுகிறது. வேறொரு பயனும் அதற்குக் கிடையாது.

ஆனால் நம்மவர் அதற்குப் பல பயன்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவர் விளம்பரப் பலகை நடுகிறார். ஒருவர் இளநீர்க் குலையைச் சாத்தி வைக்கிறார். எல்லாவற்றிலும் மேலாக, கடைக்குள்ளே "ஒருக்கால்" போய் வருவதற்காகக் காரின் இரண்டு சில்லுகளை அதன்மேல் ஏற்றி நிறுத்திவிட்டுப் போகிறார்கள்.

இதுவும் ஒரு பிரசங்கத்துக்குரிய விஷயமா என்று சிலர் எண்ணக்கூடும். இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் உலகமெங்கும் வீதியிலே மாண்டவர்கள் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்களும், சைக்கிளிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் சென்றவர்களுமாவர். இரும்புக் கூட்டுக்குள்ளே இருப்பவன் தப்புகிறான். வெளியே நிற்பவன் அகப்படுகிறான். ஆகவே வெளியே நிற்பவனுக்கென்று விட்ட நாலடி நிலத்தைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு ஆகாது என்பது என் துணிபு.

முதலில் ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன்; பொறுமையோடு கேட்க வேண்டும். ஒரு பெருவீதியின் அகலம் 12 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். திடகாத்திரமான ஒருவர் ஒரு செக்கனில் ஏறத்தாழ 1.2 மீற்றர் நடப்பார் என்பது வீதிப் பொறியியலாளர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவு. அப்படியானால் வீதியைக் கடக்க 10 செக்கன் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். 10 செக்கனில் 140 மீற்றர் ஓடிவிடும். ஆகவே அவர் காலை எடுத்து வைக்குமுன் வலப்பக்கம் 140 மீற்றரும் இடப்பக்கம் 140 மீற்றரும் வெறுமையாயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தை கூடும் நேரத்தில் அப்படி வெறுமையான வீதியை நீங்கள் எங்கே கண்டீர்கள்?

நடுவிலே ஒரு திட்டைக் கட்டினால் கணக்கு மாறிவிடுகிறது. அப்போது ஒரு தடவையில் கடக்க வேண்டியது 6 மீற்றர். அதற்கு 5 செக்கன். பார்க்க வேண்டியது ஒரே பக்கம், 70 மீற்றர் மாத்திரம். முழங்கால் நோவுள்ள நம் ஆச்சிமார் செக்கனுக்கு 0.8 மீற்றர்தான் நடப்பார்கள் என்றால், திட்டு இல்லாத வீதியைக் கடக்க அவர்களுக்கு 15 செக்கன் செல்லும். இருபக்கமும் 210 மீற்றர் வெறுமையாக வேண்டும். திட்டு இருந்தால் 105 மீற்றர், அதுவும் ஒருபக்கம், போதும். அமெரிக்க நாட்டின் நெடுஞ்சாலை நிருவாகம் இத்தகைய திட்டுகளினால் பாதசாரிகள் அடிபடும் விபத்துகள் 56 சதவீதம் வரை குறையலாம் என்று கணித்திருக்கிறது. மின்சாரம் வேண்டாம், பொலிஸ்காரர் வேண்டாம், மணியடிப்பார் வேண்டாம். கொஞ்சம் கல்லும் சீமெந்தும் செய்யும் வேலை இது.

இனி, அந்தத் திட்டின்மேல் ஒரு கார் ஏறி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய், ஒரு கையிலே கொப்பியும் மறு கையிலே மருந்துப் பையுமாக ஓர் ஆச்சி கடவையால் வருகிறார். பாதி வீதி கடந்தாயிற்று. ஏறி நிற்க வேண்டிய இடத்திலே ஒரு காரின் பின்பக்கம் பளபளவென்று நிற்கிறது. திரும்பிப் போக முடியாது. பின்னாலே வாகனங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. முன்னே போகவும் முடியாது. அவர் என்ன செய்வார்? காரைச் சுற்றிக்கொண்டு, கடவையை விட்டு விலகி, ஓடும் வாகனங்களின் நடுவே கால் வைக்கிறார். வரும் பஸ்ஸின் சாரதிக்கு அவர் தெரியமாட்டார். கார் மறைத்து நிற்கிறது. அவருக்கும் பஸ் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் காணும்போது இடையில் எத்தனை மீற்றர் இருக்கும்? மணிக்கு 30 மைல், அதாவது 50 கிலோமீற்றருக்குச் சற்றே குறைந்த வேகத்தில் வரும் காரைப் பிரேக் பிடித்து நிறுத்த 23 மீற்றர் வேண்டுமென்று இங்கிலாந்தின் வீதி நெறிக்கோவை சொல்கிறது. சனம் நிறைந்த பஸ்ஸுக்கு அது போதாது. காரின் மறைவிலிருந்து வெளியே வரும் ஆச்சிக்கு அதிலே நாலில் ஒரு பங்கேனும் கிடைப்பது அரிது.

கார்க்காரரோ கெட்டவர் அல்லர். கேட்டால், "தம்பி, ரெண்டு நிமிஷந்தானே, இப்ப எடுத்திடுவன்" என்பார். அவர் எடுத்துவிடுவார் என்பதும் மெய்தான். ஆனால் அந்த ஆச்சிக்கு அந்தத் தீவு தேவைப்பட்டதும் அதே இரண்டு நிமிஷத்திலேதான்.

இத்தகைய திட்டு உலகில் எப்போது தோன்றிற்று என்று தேடிப் பார்த்தேன். மோட்டார்க் கார் பிறப்பதற்கு முன்பே, குதிரை வண்டிக் காலத்திலேயே, தோன்றிவிட்டது! 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் முதற்றிட்டுக் கட்டப்பட்டது என்பர். இலண்டன் நகரில் சென் ஜேம்ஸ் வீதியில் 1864ஆம் ஆண்டில் பியர்ப்பொயின்ற் என்னும் ஒரு கேணல், தாம் போகும் மன்றத்துக்கு வண்டியில் அடிபடாமற் போய்ச் சேர வேண்டித் தம் சொந்தச் செலவிலே ஒன்று கட்டுவித்தாராம். கட்டி முடிந்த பின் அதன் அழகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கியவர், வண்டி ஒன்றில் அடிபட்டார் என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியாயினும், அக்காலத்து ஆங்கிலேயன் வீதியிலே நடப்பவனுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கண்டுகொண்டான் என்பது தெளிவு. அதன்பின் 1934ஆம் ஆண்டில் ஹோர் பெலிஷா என்னும் மந்திரி காலத்தில் கடவைகளுக்கு மஞ்சள் உருண்டை விளக்குகள் வந்தன. 1951ஆம் ஆண்டில் வரிக்குதிரைக் கோடுகள் வந்தன.

கோடு போட்டபின்னும் அங்கே ஒரு தொல்லை நீங்கவில்லை. கடவையின் ஓரத்திலே கார்களை நிறுத்திவிடுவார்கள், நடப்பவன் மறைந்துவிடுவான். நமது தொல்லைதான். அதற்காக 1971ஆம் ஆண்டில் கடவைக்கு இருபுறமும் வளைந்து வளைந்து செல்லும் வெள்ளைக் கோடுகளை வரைந்தார்கள். அந்தக் கோட்டுக்குள்ளே காரை நிறுத்தலாகாது. ஆளை இறக்கவும் நிறுத்தலாகாது. சாமான் ஏற்றவும் நிறுத்தலாகாது. நடப்பவனுக்கு வழிவிட, அல்லது விபத்தைத் தவிர்க்க மாத்திரம் நிற்கலாம். மீறினால் 100 பவுண் தண்டமும், அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளியும். மூன்றாண்டுக்குள் 12 புள்ளி சேர்ந்தால் கார் ஓட்டும் உரிமை பறிபோகும். புதிதாக அனுமதி பெற்றவருக்கு இரண்டாண்டுக்குள் 6 புள்ளியே போதும். அங்கே குடியேறியிருக்கும் நம் உறவினர் இங்கே விடுமுறைக்கு வந்தால், "லண்டனில் அப்படி, லண்டனில் இப்படி" என்று நமக்கு எவ்வளவோ சொல்கிறார்கள். அவர்களிலே சிலர் வாடகைக்கு எடுத்த வானை இங்கே எங்கே நிறுத்துகிறார்கள் என்பதை மாத்திரம் நான் சொல்லப் போவதில்லை.

நிற்க. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நமக்கு ஆதாரமானது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம். அதன்மேல் காலத்துக்குக் காலம் திருத்தங்கள் வந்திருக்கின்றன. சிறு குற்றங்களுக்கு வழக்கில்லாமல் அந்த இடத்திலேயே பொலிஸார் தண்டச் சீட்டு எழுதும் முறையும் அச்சட்டத்தின் கீழேயே வந்தது. 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் 33 குற்றங்கள் உள. வேகவரம்பை மீறினால் 3,000 ரூபா. வீதி விதிகளைப் பேணாவிடில் 2,000 ரூபா. தலைக்கவசம் அணியாவிடில் 1,000 ரூபா. வாகனத்தை நிறுத்தல், தரித்தல் சம்பந்தமான குற்றத்துக்கு 1,000 ரூபா. அவ்வட்டவணையிலே "தீவு" என்று ஒரு சொல் தனியாகக் கிடையாது. தீவின்மேல் நின்ற கார், கண்ட இடத்தில் நிறுத்திய வேறெந்தக் காரையும் போலவே, நிறுத்தல் தரித்தல் என்ற பொதுக் குற்றத்துக்குள் அடங்கிவிடுகிறது. துணிக்கடை வாசலை மறைத்தவருக்கும், ஒரு மனிதன் உயிர் தப்பி நிற்கும் இடத்தைப் பிடித்தவருக்கும் அட்டவணையிலே வரி ஒன்றுதான். இஃது எனக்குப் பொருத்தமாய்த் தோன்றவில்லை.

சீட்டு எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்பது இச்சபையில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த விதத்தைக் கேட்க மாட்டேன். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் வாங்கிக்கொள்வர். அந்தச் சீட்டே 14 நாளுக்கு அனுமதிப்பத்திரமாக நிற்கும். அதற்குள் தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டிப் பத்திரத்தை மீட்க வேண்டும். 14 நாள் தவறினால் தண்டம் இரட்டிக்கும். 28 நாளும் தவறினால் நீதவான் முன்னிலையில் நிற்க வேண்டியதுதான். தபாற்கந்தோர் வரிசையில் நிற்கச் சலித்தவர்களுக்காக, கைத்தொலைபேசியாலே கட்டும் ஒழுங்கும் 2025ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இலண்டனில் நகரசபை எழுதும் தண்டச் சீட்டுக்கும் இதே 14 நாட் கணக்கு உண்டு. ஆனால் அங்கே 14 நாளுக்குள் கட்டினால் பாதிப் பணம் போதும். இங்கே பிந்தினால் இரட்டி, அங்கே முந்தினால் பாதி. எது மனிதரை நன்றாக நடக்கச் செய்யும் என்று பொருளியல் படிக்கும் நண்பர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும்.

"நான் தரிக்கவில்லை, ஆளை இறக்கத்தான் நிறுத்தினேன்" என்பது நம்மிடையே வழங்கும் பெரிய நியாயம். இந்த நியாயம் உலகப் பொது நியாயம் போலும்! 1968ஆம் ஆண்டில் வியன்னா நகரில் எழுதப்பட்ட வீதிப் போக்குவரத்து உடன்பாட்டிலே இதற்கென்றே இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். ஆளை ஏற்றவோ இறக்கவோ, சாமானை ஏற்றவோ இறக்கவோ வேண்டிய அளவு நேரம் நின்றால் அது நிறுத்தல். வேறு காரணத்துக்காக நின்றால் அது தரித்தல். இப்படிப் பிரித்துவிட்டு, பாதசாரிக் கடவையிலும் புகையிரதக் கடவையிலும் இரண்டுமே கூடாது என்று முடித்துவிட்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது, சாரதி ஆசனத்தில் ஆள் இருந்தார் என்பனவெல்லாம் அந்த இடத்தில் செல்லா. புகையிரதக் கடவையிலே இரண்டு நிமிஷம் நிறுத்த எவரும் துணியார். ஏனெனில் புகையிரதம் கார்க்காரரை அடிக்கும். பாதசாரிக் கடவையில் துணிகிறார்கள். ஏனெனில் அங்கே அடிபடுபவர் வேறொருவர்.

அக்கரைத் தமிழகத்தைப் பார்ப்போம். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு வீதி விதிகளிலே நடைபாதையிலும், பாதசாரிக் கடவைக்கு அருகிலும், சந்தியிலும், வளைவிலும் வாகனம் தரிக்கலாகாது என்று எழுதியிருந்தார்கள். நெடுங்காலம் அதற்குத் தண்டம் 100 ரூபா. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 500 ரூபாவாயிற்று. மறுபடியும் செய்தால் 1,500. தமிழ்நாட்டில் இந்தப் புதிய தண்டங்கள் 2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே நடைமுறைக்கு வந்தன. தண்டத்தைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. கோயம்புத்தூரில் எலும்பு முறிவு வைத்தியராயிருக்கும் டாக்டர் இராஜசேகரன், 2012ஆம் ஆண்டில், வீதி விபத்துகளைத் தடுக்க அரசாங்கங்களுக்குக் கட்டளையிட வேண்டுமென்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனுச் செய்தார். உடைந்த எலும்பைப் பொருத்துகிறவர், எலும்பு உடையும் இடத்துக்கே போக எண்ணினார். அந்த மனுவிலே பல கட்டளைகள் பிறந்தன. 2025ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் தேதி நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, தடையின்றி நடைபாதையில் நடக்கும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புத் தரும் உயிர்வாழும் உரிமையின் பாற்பட்டது என்று சொல்லிற்று. மாற்றுத் திறனுடையோரும் செல்லத்தக்கதாய் அது அமைய வேண்டும் என்றும் சொல்லிற்று. தீர்ப்பு வேறொரு நாட்டினது, நம்மைக் கட்டாது. என்றாலும் அதன் நியாயம் பாக்குநீரிணையைக் கடக்க முடியாத நியாயம் அன்று.

இனி நமது ஊருக்கு வருகிறேன். தண்டத்தை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். 1,000 ரூபா 2018ஆம் ஆண்டில் அமெரிக்கப் பணத்தில் ஆறு டொலருக்கு மேல் இருந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் அதில் ஏறக்குறைய அரைவாசியாகிவிட்டது. ஆகவே தண்டம் சிறுத்துவிட்டது என்பது மெய். ஆனால் தண்டம் 10,000 ரூபாவானாலும், அதை எழுத ஒருவர் வரமாட்டார் என்பது நிச்சயமானால் எவர் அஞ்சுவார்? எழுத வந்தாலும், "பொலிஸிலே நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார்" என்று உடனே கைத்தொலைபேசியை எடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, தண்டம் ஆள் தெரியாதவனுக்கு மாத்திரம் விதிக்கும் வரியாகிவிடும். முச்சக்கர வண்டி ஓட்டும் அண்ணை கட்டுவார். பெரிய கார் வைத்திருக்கும் ஐயா கட்டமாட்டார். இதைப் பெரியோர்கள் முன்னிலையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அவர்கள் இல்லாத இடத்திலே சொல்லுவது அதைவிடக் கூச்சம்.

இவ்வழக்கம் ஏன் நம்மிடம் வேரூன்றிற்று என்று யோசித்தேன். நம் பெரியோர் பிறவியிலேயே ஒழுங்கீனர் அல்லர். 1990களில் பொருளாதாரத் தடையிருந்த காலத்தில் இக்குடாநாடு சைக்கிளிலே ஓடிற்று. ஆங்காங்கு ஓடிய பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. அக்காலத்தில் காரை எங்கே நிறுத்தினால் என்ன? பின்னாலே இன்னொரு கார் வர ஒரு மணி நேரம் செல்லும். 2009ஆம் ஆண்டில் கண்டி வீதி திறந்தது. வாகனங்கள் வெள்ளம்போல வந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நின்றது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களும் வரத் தொடங்கின. வீதி அகன்றது, கார் பெருகிற்று. ஆனால் காரை எங்கே நிறுத்துவது என்னும் பாடத்தை ஒரு தலைமுறை படிக்காமலே வளர்ந்துவிட்டது. குற்றஞ்சாட்டச் சொல்லவில்லை, காரணங் காட்டச் சொல்கிறேன்.

நம்மால் முடியாது என்பதும் பொய். நல்லூரிலே கொடியேறினால் 25 நாளும் ஆலயத்தைச் சுற்றிய வீதிகளை மறித்துவிடுகிறார்கள். பருத்தித்துறை வீதியில் வரும் வாகனங்களும் சுற்றித்தான் போகின்றன. கார் வைத்திருப்பவரும் இல்லாதவரும் வெறுங்காலோடு ஒரே மணலிலே நடக்கிறார்கள். அங்கே "ரெண்டு நிமிஷந்தானே" என்று எவராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? காரை விட்டு அரை மைல் நடந்தால் மதிப்புக் குறையும் என்று அந்த 25 நாளும் எவரும் நினைப்பதில்லை. கொடியிறங்கிய மறுநாள்தான் அந்த நினைப்பு வருகிறது!

நான் படித்த மிஷன் பாடசாலையிலே, காலையில் மணியடிக்கும் முன் சாரண மாணவர் வாசற் கடவையில் நின்று சிறுவரைக் கடத்திவிடும் வழக்கம் இருந்தது. ஒரு பையன் கையிலே சிறு பலகையைத் தூக்கினால் லொறிகூட நின்றுவிடும். நானும் அந்தப் பலகையைப் பிடித்திருக்கிறேன். ஆனால் ஓடி வரும் லொறியை நிறுத்த முடிந்த எங்களால், கடவையிலே நின்றுகொண்டிருக்கும் காரை ஓட்டிவிட முடியவில்லை. அதற்குள்ளே இருப்பவர் எங்கள் தோழன் ஒருவனின் தகப்பனாராயிருப்பார். பிள்ளையை வாசலோடு ஒட்டி இறக்க வந்திருப்பார். தம் பிள்ளை பத்தடி நடக்கக் கூடாதென்று, மற்றப் பிள்ளைகள் நூறு பேர் நடக்கும் வழியை மறிப்பார். பாடசாலைகளின் முன்னே இன்றும் இதுதான் நிலைமை. பிள்ளையை நூறு யார் தள்ளி இறக்கிவிட்டு, கைபிடித்து நடத்திக்கொண்டு வந்தால் பிள்ளைக்கும் நல்லது, தகப்பனாருடைய வயிற்றுக்கும் நல்லது.

எதிர்ப்பக்கத்து நியாயங்களையும் ஒதுக்கலாகாது. "நிறுத்த இடமில்லையே, எங்கே நிறுத்துவது?" என்று கேட்கிறார்கள். யாழ் நகரில் தரிப்பிடங்கள் போதாதென்பது உண்மை. கடைகட்டிடங்கள் எழுகின்றன, அவற்றின் கீழே கார் நிற்க இடம் விடப்படுவதில்லை, விட்டாலும் பிறகு அதுவும் கடையாகிவிடுகிறது. இதை மாநகர சபையிடம் கேட்க வேண்டும். ஆனால் தரிப்பிடம் இல்லாமை தூரத்தில் நிறுத்துவதற்குக் காரணமாகுமேயன்றி, ஆச்சி நிற்கும் இடத்தில் நிறுத்துவதற்குக் காரணமாகாது. "எனக்கும் முழங்கால் நோவு, நடக்க முடியாது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவருக்காக நான் மெய்யாகவே இரங்குகிறேன். ஆயினும் கார் வைத்திருக்கும் முழங்காலுக்காகக் கார் இல்லாத முழங்காலை வீதியில் இறக்கிவிடலாமா? இயலாதவர்களுக்கென்று கடைவீதியிலே தனித் தரிப்பிடங்கள் குறித்து ஒதுக்க வேண்டும் என்று கேட்போம். நானே முதலாவதாகக் கையெழுத்திடுவேன்.

தீவைச் சரியாகக் கட்டவில்லை என்பது இன்னொரு குறை. இதிலே நியாயம் உண்டு. தீவு குறைந்தது நாலடி, கூடுமானால் எட்டடி அகலம் இருக்க வேண்டும் என்பர். அப்போதுதான் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நிற்க இடமிருக்கும். ஆனால் எட்டடி அகலம் விட்டால் அதிலே கார் ஏறிவிடும்! இரண்டுக்கும் வழி, விளிம்பிலே சிறு தூண்கள் நடுவது. நாலடிக்கு ஒரு தூண் நட்டால் சக்கர நாற்காலி நுழையும், கார் நுழையாது, முச்சக்கர வண்டியும் நுழையாது. மோட்டார்ச் சைக்கிள் நுழையும். அதற்கு நாங்கள், இந்தப் பின்வரிசையில் இருக்கும் இளைஞர்கள், பொறுப்பேற்க வேண்டும். கார்க்காரரைப் பற்றி நான் பேசும்போது மிகப் பலமாகக் கைதட்டியவர்கள் பின்வரிசையார்தாம் என்பதைக் கவனித்தேன். தீவின் சரிவிலே சைக்கிளை ஏற்றிக் குறுக்கே திருப்புவதும், அதன்மேலே சாய்த்து வைத்துவிட்டு ஐஸ்கிறீம் குடிப்பதும் காரினாலே நடப்பன அல்ல.

யாரிடம் கேட்பது என்பதிலே நம்மவர் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ஏ, பீ வகைப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியன. சீ, டீ வகை வீதிகள் மாகாணத்து வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியன. மற்றவை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுக்கு உரியன. ஓர் இடத்திலே தூண் வேண்டுமென்று எழுதுமுன் அந்த வீதி எவருடையது என்று அறிந்து எழுத வேண்டும். அல்லாவிடில் கடிதம் மூன்று கந்தோர்களையும் சுற்றிக்கொண்டு கிடக்கும். தண்டம் எழுதுவது மட்டும் பொலிஸாரின் கடமை.

இச்சங்கத்தின் முன் மூன்று காரியங்களை வைக்கிறேன். நமது ஆண்டு விழாவுக்கு வரும் வாகனங்கள், சங்க உறுப்பினருடையனவாயினும் சிறப்பு விருந்தினருடையனவாயினும், கடவையிலும் தீவிலும் நிற்கலாகாது என்று அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும். இளைஞர் அறுவர் அன்றைக்கு வாசலில் நின்று பக்கத்து வளவிலே தரிப்பிடம் காட்ட வேண்டும். வளவுக்காரரைக் கேட்டுவிட்டேன், சம்மதித்திருக்கிறார், மாட்டை மட்டும் அவிழ்த்துவிட வேண்டாமாம். அடுத்தது, தண்டச் சீட்டு எழுதப்பட்ட எவருக்காகவும் சங்கத்தின் பெயரைச் சொல்லியோ, சங்கத்துப் பதவியைச் சொல்லியோ பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பதில்லை என்று செயற்குழு ஒரு தீர்மானம் எழுத வேண்டும். இது கடினம் என்று எனக்குத் தெரியும்; செயற்குழுவிலே என் மாமாவும் இருக்கிறார். மூன்றாவது, நம் சுற்றாடலில் உள்ள கடவைகளையும் தீவுகளையும் சனிக்கிழமைகளில் நடந்து பார்த்து, எங்கே தீவு வேண்டும், எங்கே தூண் வேண்டும், எங்கே கோடு அழிந்துவிட்டது என்று எழுதி, வீதிக்கு உரியவரிடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதற்கான கடிதத்தை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். மூன்று பிரதிகள், மூன்று கந்தோர்களுக்கும். வெளிவாசல் மேசையிலே பேனாவோடு வைத்திருக்கிறது. தேநீருக்குப் போகும் வழியும் அதுதான். பெரியோர்கள் முதலிலே கையெழுத்திட்டால் இளையவர்களுக்குப் பின்னாலே இடம் விட்டிருக்கிறேன்.